மெஷினுக்கு முகம் தெரியாது

"அரைப்புள்ளி" என்று சொல்லும்போது மட்டும்தான் பேராசிரியர் மூச்சு விடுகிறார். மற்றபடி எல்லாம் ஒரே மூச்சு. "அடைப்பு திற, எண்ணிக்கை சமம் பூச்சியம், அரைப்புள்ளி, எண்ணிக்கை சிறிது மொத்தம், அரைப்புள்ளி, அடைப்பு மூடு" என்று கையிலுள்ள காகிதத்தைப் பார்த்து உரக்க வாசித்தபடி வகுப்பின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறார். முன்வரிசைக்காரர்கள் மேல் லேசாகச் சாரல் அடிக்கிறது. நாளைக்குக் குடை கொண்டுவரலாமா என்று அவர்கள் கிசுகிசுப்பது அவர் காதிலும் விழுகிறது. கண்டுகொள்வதில்லை.

கம்ப்யூட்டர் பாடத்தைக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு நடத்துகிறவர் அந்தக் கல்லூரியில் அவர் ஒருவர்தான். புரோகிராமைக் காகிதத்தில் அச்சடித்து, செய்தி வாசிப்பதைப் போல வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பது அவர் சட்டம். மாணவர்கள் வைத்த பெயர் ரேடியோ சார். "கண்ணு ஏமாத்தும்டா. தனக்கு வேணுங்கறதை மட்டும் படிச்சிட்டுத் தாவிடும். நாக்கு அப்படி இல்ல. எதிர்ல இருக்கறதைத்தான் படிச்சாகணும்" என்பார். இருபத்தைந்து வருடங்களாக இதே வசனம். குரல் மட்டும் கொஞ்சம் கரகரத்திருக்கிறது.

இன்னொரு சட்டமும் உண்டு. அவர் கரும்பலகையில் எழுதியதில் யாராவது தப்பு கண்டுபிடித்துவிட்டால், கையிலிருக்கும் சாக்பீஸை அவரிடம் கொடுத்துவிட்டு, அந்த மாணவரின் இடத்தில் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்துகொள்வார். மணி அடிக்கும்வரை கண்டுபிடித்தவர்தான் வாத்தியார். இதில் அவருக்கு வெட்கம், கோபம் எதுவும் கிடையாது. "எங்கே தப்பு? எங்கே தப்பு?" என்று பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அவர் கேட்கிற ஆர்வத்தைப் பார்த்தால், தப்பு செய்ததற்காக யாரோ பரிசு கொடுக்கப்போகிறார்கள் என்று தோன்றும். தேய்ந்துபோன சாக்பீஸ் துண்டுகளெல்லாம் கால்சட்டைப் பையில்தான் கிடக்கும். துவைக்கும்போது மொத்தத் துணியும் வெள்ளை பூத்துப்போகிறது என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வார்.

அவருடைய ஆராய்ச்சியெல்லாம் கம்ப்யூட்டரை எப்படிக் குருட்டாம்போக்கில் எண்களைச் சொல்ல வைப்பது என்பதைப் பற்றியது. கேட்பதற்கு விளையாட்டுபோல் இருக்கும். "ஒரு நம்பர் சொல்லுன்னா நீயும் நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லிடுவோம். அதுக்கு வாயே கிடையாதே, என்ன பண்ணும் பாவம்?" என்று தொடங்குவார். அதற்கு முதலில் ஓர் எண்ணை நாம் கொடுக்க வேண்டும். அதன் பெயர் விதை. அந்த விதையிலிருந்து அது மளமளவென்று எண்களை முளைக்க வைக்கும். விதை மாறினால் எண்கள் மாறும். அதே விதையைப் போட்டால் அதே எண்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அதனால் ஒவ்வொரு தடவையும் கடிகாரம் அந்த நொடியில் காட்டுவதை விதையாகப் போடுவது வழக்கம். ஒரே நொடி இரண்டு தரம் வராது அல்லவா?

வேலையில் பிடித்த இந்தப் பித்து வீட்டிலும் விடவில்லை. காலையில் எந்தச் சட்டையைப் போடுவது என்பதற்குக் காசைச் சுண்டிப் பார்ப்பார். கடையில் இரண்டு வரிசை நின்றால் அதற்கும் ஒரு சுண்டல். "சின்ன விஷயத்துக்கு மூளையைச் செலவழிக்கக் கூடாது" என்பது அவர் விளக்கம். "என்னைக் கட்டிக்கிறதுக்கும் சுண்டித்தான் பாத்தீங்களா?" என்று மனைவி ஒருநாள் கேட்டார். பேராசிரியர் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை.

கல்லூரி வளாகத்துக்குள் ஊழியர்களுக்கென்று குடியிருப்புகள் உண்டு. ஆட்கள் அதிகம், வீடுகள் குறைவு. வருடத்துக்கு இரண்டோ மூன்றோ காலியாகும். முன்பெல்லாம் ஒரு வாளியில் சீட்டு எழுதிப் போட்டுக் குலுக்கி எடுப்பார்களாம். ஒரு வருடம் யாரோ தன் சீட்டை மட்டும் கெட்டியாக மடித்துப் போட்டார் என்று பேச்சுக் கிளம்பி, கைகலப்பில் முடிந்தது. அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த நம் பேராசிரியர்தான் மூன்றே நாளில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தார். விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் அது ஓர் எண் கொடுக்கும். சின்ன எண் வந்தவர்களுக்கு வீடு. எண்களைக் காட்டாமல் அவர்கள் பெயரை மட்டும் திரையில் போடும். "மெஷினுக்கு முகம் தெரியாது" என்று அவர் மேடையில் நின்று சொன்னதும் கூடம் முழுக்கக் கைதட்டியது. அன்றிலிருந்து வருடா வருடம் அவர்தான் எல்லோர் முன்னாலும் அந்தப் பொத்தானை அழுத்துகிறார். அழுத்துவதற்கு முன் விரலை ஒரு தரம் உயர்த்திக் காட்டுவார், மந்திரவாதிபோல.

முதல் வருடமே அவருக்கும் வீடு விழுந்தது. மூலை வீடு, முன்னால் கொஞ்சம் மண், மனைவி வைத்த ரோஜாச் செடிகள். ஆள் அதிர்ஷ்டக்காரர் என்று எல்லோரும் முதுகில் தட்டினார்கள்.

விழாதவர்களும் உண்டு. கணினி ஆய்வகப் பொறுப்பாளர் அப்படி ஒருவர். நாற்பதைத் தாண்டிய பெண்மணி. எந்தக் கம்ப்யூட்டர் படுத்துக்கொள்ளப்போகிறது என்பதை அதன் முதுகில் கைவைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார். நகரத்தின் மறுகோடியிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருகிறவர். விடிவதற்கு முன்பே கிளம்பினால்தான் ஆய்வகத்தை நேரத்துக்குத் திறக்க முடியும். பல வருடங்களாக விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் குலுக்கல் முடிந்ததும் பேராசிரியருக்கும் அவருக்கும் இடையே ஒரே நாடகம் நடக்கும்.

"இந்த வருஷமும் உங்க மெஷினுக்கு என்னைப் புடிக்கல சார்."

"மெஷினுக்கு முகம் தெரியாதும்மா. போன வருஷம் கிடைக்கலைங்கறதையும் அது ஞாபகம் வெச்சுக்காது. அடுத்த தடவை எல்லாருக்கும் இருக்கற அதே வாய்ப்பு உங்களுக்கும் உண்டு."

"உண்டு உண்டு. என் ராசியும் கூடவே வருமே."

இருவரும் சிரிப்பார்கள். பொறுப்பாளர் கேபிளைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார். பேராசிரியர் சட்டைக் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுத் தன் மூலை வீட்டுக்கு நடப்பார்.

இந்த வருடம் இறுதியாண்டு மாணவர்கள் ஒரு குறும்பு செய்தார்கள். "எப்பப் பாத்தாலும் எங்க புரோகிராமையே படிச்சுக் கிழிக்கிறீங்க. உங்களோடது ஒண்ணு படிங்களேன் சார்" என்றார்கள். பேராசிரியருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கல்லூரி முழுக்கப் பேர் வாங்கிய புரோகிராம், அளவிலும் சின்னது. அடுத்த வாரம் குலுக்கல் வேறு வருகிறது. வீட்டு ஒதுக்கீட்டுப் புரோகிராமை அச்சடித்துக்கொண்டு வகுப்புக்கு வந்தார். "சுத்தமா எழுதறதுன்னா என்னன்னு பாத்துக்கோங்க" என்று ஆரம்பித்தார். எழுதிய நாளுக்குப் பிறகு அவர் அதைத் திறந்து பார்த்ததே இல்லை. வாய்விட்டு ஒரு தடவைகூடப் படித்ததில்லை. ஊரார் பிள்ளைகளின் புரோகிராமையெல்லாம் மூச்சுப் பிடித்து வாசித்தவர், தன்னுடையதைக் கண்ணாலேயே பார்த்துத் திருப்திப்பட்டிருந்தார்.

முதல் பக்கம் ஜோராகப் போனது. இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு குறிப்பு. கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது, மனிதர்கள் படிப்பதற்காக எழுதிவைக்கும் குறிப்பு.

"சோதனைக்காக மட்டும். தற்காலிகம். பிறகு மாற்ற வேண்டும்" என்று வாசித்தார். வகுப்பு கொல்லென்று சிரித்தது. தற்காலிகம் என்று எவனாவது குறிப்பு எழுதினால், அது பேரன் பேத்தி எடுக்கும்வரை அங்கேயே இருக்கும் என்று அவர் கிண்டல் செய்யாத வருடமில்லை. அவரும் சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனார்.

"விதை சமம் பணியாளர் எண், அரைப்புள்ளி."

மூச்சு விடவில்லை. விட வேண்டிய இடத்தில் மூச்சு நின்றுவிட்டது. காகிதத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "விதை சமம் பணியாளர் எண்" என்று மறுபடி வாசித்தார். இந்தத் தடவை குரல் முதல் வரிசையைத் தாண்டவில்லை.

சோதித்துப் பார்க்கும்போது ஒவ்வொரு முறையும் ஒரே விடை வந்தால் சரிபார்க்கச் சுலபம். அதற்காகக் கடிகாரத்துக்குப் பதிலாக ஒவ்வொருவரின் பணியாளர் எண்ணையே விதையாகப் போட்டிருக்கிறார். சோதனை முடிந்தது. கைதட்டலும் கிடைத்தது. வரி மட்டும் மாறவில்லை. பணியாளர் எண் என்பது வேலைக்குச் சேரும்போது கொடுப்பது, ஓய்வு பெறும்வரை மாறாது. விதை மாறாவிட்டால் முளைப்பதும் மாறாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒவ்வொருவருக்கும் சீட்டு விழுந்துவிட்டது. நல்ல எண் விழுந்தவர்கள் சேர்ந்த சுருக்கில் வீடு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். கெட்ட எண் விழுந்தவர்கள் எத்தனை வருடம் விண்ணப்பித்தாலும் அதே கெட்ட எண்ணோடுதான் வந்து நின்றிருக்கிறார்கள். குலுக்கல் என்று ஒன்று நடக்கவே இல்லை. அவர் விரலை உயர்த்திக் காட்டி, அழுத்தி, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்ததெல்லாம் முன்பே முடிந்துபோன ஒன்றை.

என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, பழக்கதோஷம், கையிலிருந்த சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டு முன்வரிசையில் காலியாக இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தார். வகுப்பு இதையும் ஒரு வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டியது. சாக்பீஸை எடுக்க யாரும் வரவில்லை. மணி அடித்த பிறகும் அவர் எழுந்திருக்காததைப் பார்த்துத்தான் பிள்ளைகளுக்குச் சிரிப்பு நின்றது.

அறைக்குப் போய் கதவைச் சாத்திக்கொண்டு புரோகிராமை ஓடவிட்டார். ஆயிரத்துக்குள் ஏதாவது ஓர் எண் வரும். தன் பணியாளர் எண்ணைக் கொடுத்தார். மூன்று என்றது. ஆய்வகப் பொறுப்பாளரின் எண்ணைக் கொடுத்தார். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று என்றது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடி போட்டார். மூன்று. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று. முதலாண்டில் சேரும் பிள்ளைகூட அணைத்துப் போட்டால் மாறிவிடும் என்று நம்பாது. அவர் நம்பிப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு முகமாக ஞாபகம் வரத் தொடங்கியது. வீடு கிடைக்காமல் வேறு கல்லூரிக்குப் போன கணக்கு ஆசிரியை. ஓய்வு பெறும் வருடம்வரை விண்ணப்பித்த காவலாளி. அவர்கள் எல்லோரிடமும் இவர் சொன்ன அதே வசனம். முகம் தெரியாதாம், ஞாபகம் இருக்காதாம்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அந்த ஒரு வரியை மாத்திட்டாப் போதுமா?"

"போதும். கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள மாத்திடலாம். அடுத்த வாரம் ஒழுங்கா நடக்கும்."

"அப்ப மாத்திடுங்க. நீங்களா ஏங்க போய்த் தலையைக் குடுக்கறீங்க? மொத வருஷமே உங்களுக்கு வீடு விழுந்திருக்கு. எழுதினதும் நீங்க. மறந்துட்டேன்னு சொன்னா எவன் நம்புவான்?"

இந்தத் தடவை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கச் செய்தித்தாள் இல்லை. வாசலுக்குப் போய் ரோஜாச் செடிகளுக்குப் பக்கத்தில் நின்றார். மனைவியும் பின்னாலேயே வந்தார். "இதெல்லாம் தொட்டிக்கு மாத்தறதுன்னா மழைக்கு முன்னாடி மாத்தணும். அப்புறம் வேர் புடிக்காது" என்றார். கோபம் தணியாத குரல்தான். ஆனாலும் சொன்னார்.

மறுநாள் ஆய்வகத்தில் பொறுப்பாளர் ஒரு மேஜைக்கு அடியில் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் நாற்காலியில் உட்காராமல், அவருக்கு எதிரே தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஐயோ, என்ன சார் இது? தரையெல்லாம் தூசி."

"வீட்டுக் குலுக்கல்ல தப்பு இருக்கும்மா. என் தப்பு. அது குலுக்கவே இல்ல. ஆளுக்கு ஒரு நம்பர், வருஷா வருஷம் அதே நம்பர். உங்களோடது கடைசியில நிக்குது."

அவருக்கு உடனே பிடிபடவில்லை. "இந்த வருஷமும் கடைசியா சார்?" என்று வழக்கம்போலச் சிரிக்கப்போனார்.

"எல்லா வருஷமும். நான் பாக்காம விட்டிருந்தா, நீங்க ரிடையர் ஆகற வரைக்கும்."

சிரிப்பு பாதியில் நின்றது. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். அது உருண்டு பேராசிரியரின் முழங்காலில் வந்து முட்டியது. இருவரும் எடுக்கவில்லை.

"அப்ப அது என் ராசி இல்லையா சார்?"

"ராசி இல்லம்மா. நான் எழுதின ஒரு வரி."

"எங்க வீட்டுல என்னை எப்பவுமே ராசியில்லாதவன்னுதான் சொல்லுவாங்க. மொதல்ல நான் நம்பல. வருஷா வருஷம் இங்க வந்து நிப்பேன். பேரு வராது. எனக்குப் பின்னாடி வேலைக்குச் சேந்தவங்க சாவி வாங்கிட்டுப் போவாங்க. மெஷின் சொல்லுதே, அது பொய் சொல்லாதேன்னு நானும் நம்பிட்டேன் சார்." குரல் உயரவில்லை. கையில் ஒட்டியிருந்த தூசியையே பார்த்துப் பேசினார். "பொண்ணு காலேஜுக்கு அப்ளிகேஷன் போடறப்போ கவரைக்கூட நான் தொடல. அவங்க அப்பாவையே ஒட்டிப் போடச் சொன்னேன். என் கை பட்டு வெளங்காமப் போயிடக் கூடாதில்ல? அவ பரீட்சைக்குன்னு லீவு போட்ட நாள்லகூட, அவ கிளம்பினா நான் உள்ளே போயிடுவேன்."

வீடு கிடைக்காததால் வரும் கஷ்டங்களையெல்லாம் பேராசிரியர் விடிய விடிய யோசித்து வைத்திருந்தார். இரண்டு பேருந்து, இருட்டில் கிளம்புவது, மகளோடு இருக்க முடியாமல் போன காலைப்பொழுதுகள். இது அவர் யோசனையிலேயே வரவில்லை. தான் எழுதிய ஒரு வரி ஒருத்தியின் வீட்டுக்குள் போய், பெற்ற பிள்ளையின் கவரைத் தொடவிடாமல் கையைத் தட்டிவிட்டிருக்கிறது.

"இந்தத் தடவை காலியாகற வீட்டுல ஒண்ணை உங்களுக்குக் குடுக்கச் சொல்லி நானே பதிவாளர்கிட்ட எழுதித் தரேன்" என்றார்.

"வேணாம் சார்." பதில் சட்டென்று வந்தது. "பொண்ணு வேலை கிடைச்சு வெளியூர் போயிட்டா. இனிமே விடியக்காலைல வீட்டுல இருந்தும் நான் யாரை எழுப்பப்போறேன்? பாவம் பாத்து யாரும் தூக்கிக் குடுக்க வேணாம். ஒரே ஒரு தடவை நெசமாக் குலுக்குங்க. அதுல என் பேரு வரலைன்னா வராமப் போகட்டும். வருமா வராதான்னு நெசமாவே தெரியாம ஒரு தடவை நான் நின்னு பாக்கணும் சார்."

குலுக்கல் அன்று கூடம் நிறைந்திருந்தது. கரும்பலகையில் காலியான மூன்று வீடுகளின் எண்களை எழுதியிருந்தார்கள். மேஜைமேல் கம்ப்யூட்டர் இல்லை. பேராசிரியர் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நேராகக் கரும்பலகைக்குப் போய், பையிலிருந்து ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்து, மூன்று எண்களுக்கும் கீழே தன் மூலை வீட்டின் எண்ணை எழுதினார். பிறகு திரும்பி நின்று, நடந்ததைச் சொன்னார். வகுப்பில் வாசிப்பதைப்போல உரக்க, ஒரு வரியையும் தாவாமல் சொன்னார்.

சொல்லி முடித்ததும் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அதான் உங்களுக்கு மொத வருஷமே கெடச்சுதா சார்?"

"ஆமா" என்றார்.

அதற்குப் பிறகு எழுந்த கூச்சலை அடக்க மேஜையைத் தட்டித் தட்டிப் பதிவாளருக்குக் கை சிவந்துபோனது. துரோகம் என்று ஒருவர் கத்தினார். கதவைப் படீரென்று சாத்திக்கொண்டு ஒருவர் வெளியேறினார். பேராசிரியர் யாரையும் தடுக்கவில்லை. எல்லோர் முன்னாலும் சீட்டுகளை ஒரே அளவாகக் கிழித்து, பெயர் எழுதி, ஒரே மாதிரி மடித்து, ஒவ்வொன்றாக வாளியில் போட்டார். இரண்டு சீட்டு கீழே விழுந்தது. பொறுக்கிப் போட்டார்.

யார் எடுப்பது என்ற பேச்சு வந்தது. பதிவாளர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார். பேராசிரியர் வாளியைத் தூக்கிக்கொண்டு அவரைக் கடந்து, கடைசி வரிசைவரை நடந்து, ஆய்வகப் பொறுப்பாளருக்கு எதிரே போய் நின்றார்.

"நானா? என் கையா சார்?" அவர் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

பேராசிரியர் வாளியை நன்றாகக் குலுக்கினார். அதை அவர் கைக்கு எட்டும்படி நீட்டிப் பிடித்துக்கொண்டு, தன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கண்களை இறுக மூடிக்கொண்டார்.